கைக்கு ஒரு நாற்காலி

அந்த அலுவலகத்தில் அவருக்குப் பெயர் இல்லாமல் இல்லை. சம்பளச் சீட்டில் ஒழுங்காக அச்சாகி வருகிறது. ஆனால் கூப்பிடுகிறவர்கள் எல்லாரும் 'கை' என்றுதான் கூப்பிடுவார்கள். "ஏழாவது வரிசைக்கு ஒரு கை வேணும்." "கை சும்மா இருக்கா?" என்று மேல்மாடியிலிருந்து போன் வரும். தலையும் காலும் கண்ணும் சேர்ந்த ஒரு முழு மனுஷரை, அதுவும் ஐம்பதை எட்டிப் பிடிக்கப் போகிறவரை, கையோடு நிறுத்திக்கொள்வது நன்றாகவா இருக்கிறது? நாமாவது கொஞ்சம் மரியாதை கொடுத்துக் கைக்காரர் என்று சொல்வோம்.

கீழ்த்தளம் முழுக்க சர்வர்கள், அதாவது கம்பெனிகளின் தகவலையெல்லாம் வைத்திருக்கும் பெரிய கம்ப்யூட்டர்கள். ஆளுயர இரும்பு அலமாரிகளில் வரிசை வரிசையாக அடுக்கி, நாள் முழுதும் குளிர்காற்று அடித்துக்கொண்டே இருக்கும். யார் யாருடைய சர்வர்களோ. அவற்றைப் பார்த்துக்கொள்ளும் என்ஜினியர்கள் மேல்மாடியிலும் வேறு ஊர்களிலும் உட்கார்ந்திருப்பார்கள். ஏதாவது ஒரு மெஷின் பேச்சை நிறுத்திவிட்டால், தள்ளுவண்டியில் ஒரு திரையையும் கீபோர்டையும் உருட்டிக்கொண்டு அதன் பக்கத்தில் போய் நிற்க வேண்டியது கைக்காரர் வேலை. காதில் ஹெட்செட். என்ஜினியர் சொல்லச் சொல்ல, எழுத்து எழுத்தாகத் தட்டுவார். "சின்ன எழுத்து எல். சின்ன எழுத்து எஸ். இடம் விடுங்க. சின்னக் கோடு." தட்டி முடித்ததும் திரையில் இருப்பதைத் திருப்பிப் படித்துக் காட்ட வேண்டும். அந்தப் பக்கத்திலிருந்து சரி என்று குரல் வந்த பிறகுதான் என்ட்டர். கண்ணால் பார், வாயால் படி, சொன்னால் செய். இவ்வளவுதான் சட்டம். எதற்குத் தட்டுகிறோம், தட்டினால் என்ன ஆகும் என்பதெல்லாம் கைக்கு வேண்டாத விஷயம்.

அப்படியே பல வருஷம் ஓட்டிவிட்டார். ஒரு தப்பு கிடையாது. தினமும் தட்டிய 'சிஹெச்மாட்' என்ற கமாண்டை, கம்ப்யூட்டரைக் கண்டுபிடித்த யாரோ ஒரு பெரிய மனுஷரின் பெயர் என்றே நினைத்துக்கொண்டிருந்தார். தப்பு வராததற்கு அதுவும் ஒரு காரணமோ என்னவோ.

ஆனால் உடம்பு விட்டுப்போய்விட்டது. ஒரு வாரம் காலை ஷிப்ட், ஒரு வாரம் மதியம், ஒரு வாரம் ராத்திரி. அவர் மனைவிக்குக் கூரியர் கிடங்கில் ஊர்வாரியாகப் பார்சல் பிரிக்கிற வேலை, அங்கேயும் ஷிப்ட். ஒருவர் செருப்பைக் கழற்றும்போது மற்றவர் மாட்டிக்கொண்டிருப்பார். இருவரும் ஒரே நேரத்தில் கண்விழித்து ஒரே மேஜையில் கடைசியாகச் சாப்பிட்டது எப்போது என்று கேட்டால், ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். தூக்கம் வரவில்லை என்று டாக்டரிடம் போனார். "ஷிப்ட் வேலைய விடுங்க" என்றார் டாக்டர். மாத்திரை எழுதுகிற மாதிரி அதைச் சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தால் கடையில் நீட்டி வாங்கிக்கொண்டு வந்திருப்பார், பாவம்.

அந்த நேரத்தில்தான் மேல்மாடி உதவி மையத்தில் ஒரு நாற்காலி காலியாகிறது என்று தெரிந்தது. பகல் வேலை. ஷிப்ட் கிடையாது. உட்கார்ந்துகொண்டே செய்யலாம், ஜன்னல்கூட உண்டு. கைக்காரர் தயங்கித் தயங்கி மேலாளரிடம் போய்க் கேட்டார். மேலாளர் முடியாது என்று சொல்லவில்லை.

"நம்ம சர்வரெல்லாம் ஓடுதே, அந்த லினக்ஸ்ல ஆரம்பநிலை சான்றிதழ்னு ஒண்ணு இருக்கு. அத வாங்கிட்டு வாங்க. நாற்காலி உங்களுக்குத்தான்" என்றார்.

அன்றைக்கே வாங்கினார் புத்தகம். தலைக்கு வைத்துப் படுக்கலாம், அவ்வளவு தடிமன். பல நாள் அப்படித்தான் ஆயிற்று. பஸ்ஸில் படித்தார், சாப்பாட்டு இடைவேளையில் படித்தார், படித்துக்கொண்டே தூங்கினார், தூங்கி எழுந்து படித்தது எதுவரை என்று தேடினார். மனைவி கிடங்குக்குக் கிளம்பும் அவசரத்திலும் புத்தகத்தைப் பிடுங்கிக் கேள்வி கேட்பாள்.

"லாக் ஃபைல் எல்லாம் எந்த டைரக்டரில இருக்கும்?"

"வார் லாக்."

"ஒருத்தர் பாஸ்வேர்ட மாத்த?"

"பாஸ்டபிள்யூடி."

"சொல்லிட்டே கொட்டாவி விட்டா எப்படிங்க? பரீட்சைலயும் இப்படித்தான் விடுவீங்களா?"

சலிப்போடு தொடங்கிய படிப்புதான். ஆனால் நடுவில் ஒரு வேடிக்கை நடந்தது. தான் இத்தனை வருஷம் கண்ணைக் கட்டிக்கொண்டு தட்டியதற்கெல்லாம் ஒவ்வொன்றாக அர்த்தம் தெரிய ஆரம்பித்தது. சிஹெச்மாட் ஒரு பெரிய மனுஷரில்லை, ஒரு ஃபைலை யார் படிக்கலாம் யார் திருத்தலாம் என்று அனுமதி கொடுக்கிற கமாண்ட் என்று படித்த அன்று பஸ்ஸில் தனியாகச் சிரித்துவிட்டார். பக்கத்தில் இருந்தவர் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.

இந்தச் சந்தோஷத்தைப் பகிர்ந்துகொள்ள ஒரு ஆள் இருந்தாள். வேறு ஊர் அலுவலகத்தில் இருக்கும் என்ஜினியர் பெண். கைக்காரர் அவள் முகத்தைப் பார்த்ததில்லை. நாலைந்து வருஷமாக ஹெட்செட்டில் குரல் மட்டும்தான். மற்ற என்ஜினியர்கள் 'கை' என்பார்கள். அவள் மட்டும் 'அண்ணே' என்பாள். அவள் கமாண்டைச் சொல்லி முடிப்பதற்குள் இவர் மீதியைத் தட்டிவிடத் தொடங்கியதைக் கவனித்துவிட்டாள்.

"என்னண்ணே, என்னைய பேசவே விட மாட்டேங்கறீங்க?"

பரீட்சைக்குப் படிப்பதைச் சொன்னார். அவளுக்கு ஒரே குஷி. ஆனால் சர்க்கரை தடவிப் பேசத் தெரியாத பெண். "இந்தச் சான்றிதழ வச்சு யாரும் உங்கள தூக்கித் தலையில வச்சுக்க மாட்டாங்கண்ணே. ஆனா இது இல்லேன்னா உங்க விண்ணப்பத்தைப் பிரிச்சே பாக்க மாட்டாங்க. அதுக்காகவாவது எழுதுங்க" என்றாள். அவருக்கு அது போதுமாக இருந்தது. தலையில் உட்கார அவருக்கு ஆசையில்லை, நாற்காலியில் உட்கார்ந்தால் போதும்.

பரீட்சைக்குச் சில நாள் முன்பு, ஒரு மதிய ஷிப்டில் அது நடந்தது.

கண் ஆஸ்பத்திரி ஒன்றின் சர்வர். எந்த நோயாளிக்கு எந்த டாக்டர், எத்தனை மணிக்கு என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. அதில் இரண்டு டிஸ்க் உண்டு. இரண்டிலும் ஒரே விஷயம் பதிவாகும். ஒன்று கெட்டால் மற்றது தாங்கிக்கொள்ளும், கெட்டதை உருவிவிட்டுப் புதிதை மாட்டலாம். அப்படித்தான் ஒன்று கெட்டுப்போயிருந்தது. எது கெட்டது என்று காட்டும் விளக்கு அந்தப் பழைய மெஷினில் எப்போதோ செத்துவிட்டது. ஒவ்வொரு டிஸ்க்கின் முகப்பிலும் ஒரு சின்ன ஸ்டிக்கரில் நம்பர் இருக்கும். என்ஜினியர் நம்பரைச் சொல்வார். கை அந்த ஸ்டிக்கரைத் தேடிப் படித்துக் காட்ட வேண்டும். "இழுங்க" என்று சொன்னால் இழுக்க வேண்டும்.

"எஸ்டிபி போயிடுச்சுண்ணே" என்றாள் அந்தப் பெண். பிறகு நீளமாக ஒரு நம்பர் சொன்னாள். "பாத்துப் படிச்சுக் காட்டுங்க."

மெஷின் அலமாரியின் அடித்தட்டில் இருந்தது. ஸ்டிக்கரைப் படிக்க வேண்டுமானால் முட்டி போட்டு, கண்ணாடியை மாட்டி, தரையோடு தரையாகத் தலையைச் சாய்க்க வேண்டும். கைக்காரருக்கு முட்டி வலி. முதல் நாள் கண்ணை மூடவேயில்லை. போதாததற்கு, இப்போது அவருக்கு விஷயம் தெரியுமே! எஸ்டிஏ என்றால் முதல் டிஸ்க். எஸ்டிபி என்றால் இரண்டாவது. முதலாவது இடது பக்கம், இரண்டாவது வலது பக்கம். இதற்கு ஸ்டிக்கர் எதற்கு?

நின்றபடியே, அவள் சொன்ன நம்பரை அப்படியே காதிலிருந்து எடுத்து வாயால் திருப்பிச் சொன்னார். ஒரு எண்கூடப் பிசகவில்லை. எத்தனை வருஷப் பழக்கம்!

"இழுங்க" என்றாள்.

இடுப்பை வளைத்துக் கையை நீட்டி வலது பக்க டிஸ்க்கை இழுத்தார்.

நல்ல டிஸ்க் அது. ஹெட்செட்டில் அவள் மூச்சை உள்ளே இழுக்கிற சத்தம் கேட்டது. "அண்ணே, உள்ள தள்ளுங்க! உள்ள தள்ளுங்க!" தள்ளினார். மெஷின் தள்ளியதை ஏற்றுக்கொள்கிற மனநிலையில் இல்லை. அன்று சாயங்காலம் முழுக்க அந்தக் கண் ஆஸ்பத்திரியில், கண் தெரியாமல் வந்தவர்கள் வரவேற்பறையில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். பழைய பிரதியிலிருந்து எல்லாவற்றையும் மீட்டு எடுத்து, இரண்டு டிஸ்க்கையும் மாற்றினார்கள். எடுத்த டிஸ்க்குகளை வழக்கப்படி அரைத்துத் தூளாக்கிவிட்டார்கள். ஸ்டிக்கரும் அதோடு போயிற்று.

வீட்டுக்கு வந்து புத்தகத்தைப் பிரித்தார். டிஸ்க் பற்றிய பாடத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருந்தது: எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்கள் மெஷின் எழுந்திருக்கும்போது தானாக வைத்துக்கொள்வது, டிஸ்க் எந்த இடத்தில் மாட்டியிருக்கிறது என்பதற்கும் அதற்கும் சம்பந்தம் இருக்க வேண்டியதில்லை. அந்தப் பக்கத்தை அவர் படிக்கவில்லை. அந்தப் பக்கத்தில் தூங்கிப்போயிருந்தார். தாளின் ஓரம் கசங்கியிருந்ததே அதற்குச் சாட்சி.

மனைவியிடம் சொல்லவில்லை. பரீட்சை முடியட்டும் என்று தனக்கே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டார். வெட்கம்தான், வேறொன்றுமில்லை.

பரீட்சை மையத்தில் கைக்கடிகாரத்தைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள், சட்டைக் கையை மடித்துக் காட்டச் சொன்னார்கள். திரையில் கேள்விகள் வந்துகொண்டே இருந்தன. பாதி வழியில் அந்தக் கேள்வி வந்தது. டிஸ்க் பெயர்களைப் பற்றிக் கீழ்க்கண்டவற்றில் எது சரி? கைக்காரர் அந்த ஒரு கேள்விக்கு மட்டும் யோசிக்கவே இல்லை. சரியான விடையைத் தட்டிவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். முடிவு உடனே திரையில் தெரிந்தது. தேறிவிட்டார். அன்று அவரைவிட அவர் மனைவிதான் அதிகம் சந்தோஷப்பட்டாள். ஜன்னல் பக்கத்து நாற்காலியா என்று மறுபடி கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டாள். இனிமேல் தானும் கிடங்கில் காலை ஷிப்டையே கேட்டு வாங்கிவிடுவதாகச் சொன்னாள். எந்த அலாரம் வைக்கலாம் என்றுகூடப் பேசினாள்.

விசாரணை அதற்கடுத்த வாரம், ஒரு காலையில் நடந்தது. விசாரணை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. மேலாளர் அறை, மேஜையில் ஒலிபெருக்கியில் போட்ட போன், போனுக்குள் அந்தப் பெண். சான்றிதழின் அச்சுப் பிரதியைக் கைக்காரர் கொண்டுவந்திருந்தார். மேலாளர் அதைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு மேஜை மேலேயே வைத்துக்கொண்டார்.

"ரெக்கார்டிங்கக் கேட்டேன். கை நம்பரச் சரியா படிச்சுக் காட்டியிருக்கு. அப்படியும் தப்பான டிஸ்க் வந்திருக்குன்னா ஸ்டிக்கர்தான் தப்பு" என்றார் மேலாளர். போனைப் பார்த்துக் கேட்டார். "அந்த வரிசைக்கு ஸ்டிக்கர் அடிச்சு அனுப்பினது யாரு?"

"நான்தான் சார்."

"மாத்தி அடிச்சிருக்க வாய்ப்பு உண்டா?"

"இருக்கலாம் சார்" என்றாள் அவள்.

மேலாளர் எழுத ஆரம்பித்தார். கைக்காரர் ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை. பேசாமல் இருந்தால் போதும். நாற்காலி அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறது. வரும்போது பார்த்துவிட்டுத்தான் வந்தார். ஆனால் அந்தப் பெண் இல்லாத குற்றத்தை இப்படி 'இருக்கலாம்' என்று மெல்லிய குரலில் வாங்கிக்கொள்வாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. சண்டை போடுவாள், தன்னைக் குறுக்குக் கேள்வி கேட்பாள் என்று நினைத்துப் பயந்துகொண்டிருந்தார். சண்டை போட்டிருந்தால் ஒருவேளை பேசாமல் இருந்திருப்பார். பேசாமல் இருப்பதற்கும் தெம்பு வேண்டும். இத்தனை நாளும் பேசாமல் இருந்து இருந்து அந்தத் தெம்பு தீர்ந்துவிட்டது.

"ஸ்டிக்கர் சரியாத்தான் இருந்திருக்கும் சார். நான் அதைப் பாக்கவே இல்ல."

"என்ன?"

"அவங்க சொன்ன நம்பரத்தான் திருப்பிச் சொன்னேன். கீழ உக்காந்து பாக்கல. எது கெட்டதுன்னு எனக்கே தெரியும்னு நினைச்சுட்டேன்."

மேலாளர் போனில் ஒரு பட்டனை அழுத்தி அந்தப் பக்கம் கேட்காமல் செய்தார். பேனாவைக் கீழே வைத்தார்.

"உங்களுக்கு அந்த நாற்காலி வேணுமா, வேணாமா?"

"வேணும் சார். ரொம்ப வேணும்."

"அப்புறம் எதுக்கு இதெல்லாம் இப்ப?"

"அந்தப் பொண்ணு பேர்ல எழுதாதீங்க சார்."

மேலாளர் கெட்டவரில்லை. அவருக்கும் அலுப்பாகத்தான் இருந்தது. நெற்றியைத் தேய்த்துக்கொண்டே சொன்னார். "மேல உக்கார்ற ஆளு கீழ இருக்கற கைக்கு வேலை சொல்லணும். கை பாத்துட்டேன்னு சொன்னா நம்பணும். பாக்காமலே பாத்தேன்னு சொன்ன உங்கள நான் எப்படி அங்க உக்கார வைப்பேன்? நீங்களே சொல்லுங்க."

கைக்காரர் யோசித்துப் பார்த்தார். தான் மேலாளராக இருந்தாலும் உட்கார வைக்க மாட்டார்.

"முடியாது சார்" என்றார்.

மேலாளர் சான்றிதழை எடுத்து அவரிடமே நீட்டினார். "பத்திரமா வச்சுக்குங்க. வீணாகாது" என்றார். துக்க வீட்டில் சொல்கிற குரலில் சொன்னார்.

பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது கைக்காரரின் சொந்த போன் அடித்தது. தெரியாத நம்பர். தெரிந்த குரல்.

"உங்கள யாருண்ணே கேட்டாங்க? ஏன் சொன்னீங்க?" அழுகிற மாதிரி கோபமாக இருந்தாள்.

"நீ பண்ணாத தப்ப நீ ஏம்மா வாங்கிக்கணும்? வேலை போயிட்டா என்ன பண்ணுவ?"

"நான்தான் வேலைய விட்டுட்டேனே! லெட்டர் குடுத்தாச்சுண்ணே. வேற கம்பெனி. இந்த மாசத்தோட சரி. என் பேர்ல அவங்க என்ன எழுதினாலும் எனக்கு ஒண்ணும் ஆகாது. அதனாலதான் இருக்கலாம்னு சொன்னேன்."

பஸ் ஒன்று வந்து நின்று போயிற்று. அவர் ஏற வேண்டிய பஸ்தான்.

"முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா."

"அந்த லைன் முழுக்க ரெக்கார்ட் ஆகுதே, அதுல எப்படிச் சொல்றது? உங்க நம்பரே இன்னைக்குத்தான் கேட்டு வாங்கினேன். அண்ணே, நீங்க ஸ்டிக்கரப் பாக்கலன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்."

"எப்படி?"

"நீங்க முட்டி போட்டா ஒரு முனகல் வரும். இத்தனை வருஷமா கேக்கறேன். அன்னைக்கு வரல. இன்னொரு லைன்ல ஒருத்தர் கத்திட்டு இருந்தாரு, நானும் அசந்துபோயிருந்தேன், இழுங்கன்னு சொல்லிட்டேன். உங்க தப்பு மட்டும் இல்லண்ணே."

தான் முனகுவதே அவருக்குத் தெரியாது. நல்லா இரு, புது இடத்துல உடம்பப் பாத்துக்கோ என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தார்.

அடுத்த பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. தூக்கம் வரவில்லை. முன்பே தெரிந்திருந்தால் சொல்லியிருப்போமா என்று ஒரு கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது. அவளுக்கு நஷ்டமில்லை, ஆஸ்பத்திரி மெஷின் ஓடுகிறது, டிஸ்க் தூளாகிவிட்டது. சொல்லியிருக்க மாட்டார். நிச்சயமாகச் சொல்லியிருக்க மாட்டார். நல்ல காரியம் ஒன்று செய்தோம் என்ற ஆறுதலாவது மிஞ்சும் என்று பார்த்தால், அதுவும் கையை விட்டுப் போயிற்று.

வீட்டு வாசலில் மனைவி பையோடு கிளம்பி நின்றாள். முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள்.

"நாற்காலி?"

"இல்ல" என்றார். எல்லாவற்றையும் சொன்னார். முட்டி வலியை, படிக்காத பக்கத்தை, அந்தப் பெண் ஏற்கெனவே வேலையை விட்டுவிட்டதை. ஒன்றையும் மறைக்கவில்லை.

"தெரிஞ்சிருந்தா சொல்லியிருக்க மாட்டீங்கல்ல?"

"மாட்டேன்."

"எனக்குத் தெரிஞ்சிருந்தா உங்க வாயப் பொத்தியிருப்பேன்" என்றாள். சொல்லிவிட்டு, வேலைக்கு நேரமாவதையும் மறந்து மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள். "உங்க சான்றிதழும் வேணாம், சம்பளமும் வேணாம். காலைல ரெண்டு பேரும் ஒண்ணா எந்திரிக்கலாம்னு நினைச்சேங்க. அது ஒண்ணுதான் நினைச்சேன்."

அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"சாப்பாடு மூடி வச்சிருக்கேன். சாப்பிட்டுப் படுங்க. நாளைலேருந்து என்ன ஷிப்ட்?"

"ராத்திரி."

அவள் நடக்க ஆரம்பித்தாள். கைக்காரர் கதவைத் திறக்கவில்லை. அவள் தோளிலிருந்த பையை வாங்கிக்கொண்டு கூடவே நடந்தார். எங்கே வர்றீங்க, போய்ப் படுங்க என்று அவள் சொல்லிப் பார்த்தாள். பஸ் வரும்வரை இருக்கிறேன் என்றார். நிறுத்தத்தில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். பஸ் அன்றைக்கு எப்போதையும்விடச் சீக்கிரம் வந்துவிட்டது.